வார்டில் சேர்க்கப்பட்ட களைப்பு

டாக்டர் மங்களேஸ்வரியின் களைப்பைப் பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் சேர்த்தார்கள். வார்டு டாக்டர்களின் வேலையையும் வாழ்க்கையையும் சீராக்குவதற்காக அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. களைப்பும் ஒரு நோயாளிதான், அதைப் பிரித்துத் தனியாகப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தால் டாக்டர் தெளிவாக வேலை செய்வார் என்று ஆராய்ச்சித் தலைவர் தேவசகாயம் கண்டுபிடித்திருந்தார். முதலில் கை தூக்கியவள் மங்களேஸ்வரி.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் மகிழா பள்ளி ஆண்டுவிழாவில் ஆடுவதை ஒரு தடவையாவது கண் சொருகாமல் பார்க்க வேண்டும். பெற்ற மகள் ஆடுவதைப் பார்க்க ஓர் ஆராய்ச்சி தேவைப்படுகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று கேட்கலாம். கேட்டவர்கள் யாரும் வார்டு டாக்டராக இருந்ததில்லை.

களைப்பு அவள் உயரம்தான் இருந்தது. சாயம் போன நைட்டி, அவிழ்ந்த கொண்டை, சுவர் பக்கம் திருப்பிய முகம். ஸ்டாஃப் நர்ஸ் ரெஜினா அதற்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

“டாக்டர், உங்க களைப்புக்குக் கூட யாரு இருக்கா?”

கூட ஆள் இல்லாமல் எந்த நோயாளியும் அந்த வார்டில் படுக்கக் கூடாது. மாத்திரை வாங்கவும், கழிப்பறைக்குக் கைபிடித்துப் போகவும், டீ வாங்கி வரவும் ஒரு சொந்தம் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கறாராகப் பிடித்துவைத்திருந்தவளே மங்களேஸ்வரிதான். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தனக்கென்று விலக்குக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. புருஷனுக்குப் போன் செய்தாள்.

சோலைமலை பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டு, பிளாஸ்க்கும் தலையணையுமாக வந்தான். மங்களேஸ்வரியைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“என்னம்மா, சாப்ட்டியா?” என்றான் களைப்பிடம்.

அன்றிலிருந்து மங்களேஸ்வரிக்கு வேலை பறந்தது. நோயாளிகள் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டாள். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது கேட்காமலே நாக்கில் வந்தது. தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலோரப் படுக்கைக்கு வரும்போது மட்டும் அவளுக்கு ஒவ்வொரு நாளும் தூக்கிவாரிப் போட்டது. ஒருநாள் சோலைமலை களைப்புக்குச் சிக்கெடுத்துப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தான். இவனுக்குத் தலை வாரத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. இன்னொரு நாள் மகிழா பள்ளிச் சீருடையோடு வந்து களைப்பின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். களைப்பு கண்ணைத் திறக்காமல், “அந்த மேக்ஸ் மிஸ் இன்னும் திட்டுறாங்களா?” என்று கேட்டது. அப்படி ஒரு மிஸ் இருப்பது மங்களேஸ்வரிக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் வீட்டுக்குப் போனது களைப்புதான். சோறு பிசைந்து கொடுத்தது, பள்ளிக் கதையைப் பாதி கேட்டு மீதியில் உறங்கியது எல்லாம் அது. அவள் முழுசாக இருந்தது ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அன்று வீட்டுக்குப் போய்ச் சமைக்க நினைத்தவளுக்கு மிளகாய்ப்பொடி அகப்படவில்லை. வார்டுக்குப் போன் போட்டுக் களைப்பைக் கேட்டாள்.

“மேல் தட்டுல, காப்பித்தூள் டப்பாக்குப் பின்னாடி,” என்றது அது, கொட்டாவியோடு.

களைப்புக்கு உடம்பு தேறியது. அனுப்பிவிடலாமே என்றார் தேவசகாயம். இன்னும் ஒருநாள் பார்க்கலாம் சார் என்றாள் மங்களேஸ்வரி. மறுநாளும் அதையே சொன்னாள். பச்சைப் பொய். தேறிய நோயாளி, கூட இருக்கும் சொந்தத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தச் சொந்தம் அவள் புருஷன். அந்த வீடு அவள் வீடு.

மூன்றாவது நாள் லிஃப்ட் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் ஒரு பாட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நிமோனியா. வார்டில் ஒரு படுக்கைகூடக் காலி இல்லை. நோயாளி வெளியே காத்திருக்க, தேறியவரைப் படுக்கவைத்திருக்கிற டாக்டர் அவள் இல்லை. களைப்பை டிஸ்சார்ஜ் செய்தாள்.

சோலைமலை பிளாஸ்க்கைப் பையில் வைத்தான். மகிழா களைப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, நானும் வரவா?” என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

“டியூட்டிய முடிச்சிட்டு ஒருநாள் வாங்க டாக்டர். பாப்பாவுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை ‘வாங்க’ என்று சொன்னதில்லை. ஆட்டோ கிளம்பிப் போனது. அவள் உள்ளே போய், பாட்டிக்கு ஆக்சிஜன் வைத்தாள்.

ஆண்டுவிழாவுக்கு அவள் முன்னதாகவே போய்விட்டாள். அரங்க வாசலில் ஓர் ஆசிரியை, “களைப்பில்லாதவங்க பின்னாடி சுவர் ஓரமா நின்னுக்கங்க,” என்று கை காட்டினாள். தேவசகாயத்தின் வைத்தியம் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது போல; அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது. மடிப்புக் கலையாத சட்டை, சேலை, பளிச்சென்ற கண்கள்.

“நீங்க எங்க வேலை?” என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர்.

“ஆஸ்பத்திரி.”

“நான் பேங்க்,” என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மகிழா ஆடினாள். மங்களேஸ்வரி கண் கொட்டாமல் பார்த்தாள். இவ்வளவு நன்றாக ஆடுவாள் என்று அவளுக்குத் தெரியாது. மகள் ஆட்டத்தின் நடுவே நாற்காலிகள் பக்கம் பார்த்தாள். அங்கே சோலைமலையின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி களைப்பு தூங்கிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக எல்லா நாற்காலிகளிலும் களைப்புகள் தலை தொங்கி உறங்கின. மகிழாவின் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு இன்னும் நன்றாக ஆடினாள்.

ஆட்டம் முடிந்ததும் சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். தலைமையாசிரியை உதட்டில் விரலை வைத்தபடி ஓடிவந்தார்.

“சத்தம் போடாதீங்க. பெத்தவங்க தூங்குறாங்க.”

மங்களேஸ்வரி விரல் நுனிகளால் மட்டும் தட்டினாள்.