பெரியவர் சாப்பிட்டார்

தையல்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வாய், பெரியவரே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெரியவர் என்பது அந்த வீட்டு நாய். குட்டியிலேயே புருவம் இரண்டும் நரைத்த மாதிரி வெள்ளையாக இருந்ததால் அந்தப் பெயர். பெயர் வந்ததும் மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக அவரை யாரும் வா, போ என்று சொன்னதில்லை. வாங்க, உட்காருங்க, செருப்பைக் கடிக்காதீங்க, எல்லாம் அப்படித்தான்.

இப்போது சிறுநீரகம் படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் ஐந்து நாள் தவணை கொடுத்திருந்தார். "எப்படியாவது சாப்பிட வைங்க. சாப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யும். இல்லைன்னா இழுத்துக்கிட்டுப் போறது அதுக்குத்தான் கஷ்டம். வெள்ளிக்கிழமை வாங்க, முடிவு பண்ணலாம்." என்ன முடிவு என்று கேட்கப் புருஷனுக்கும் வாய் வரவில்லை, பெண்டாட்டிக்கும் வரவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைப்பதைத்தான் சொல்கிறார் என்பது புரியாமலா போகும்?

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஒருதரம் இவரும் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு, மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அலைந்தார். டாக்டரிடம் போய் வந்ததுமே அவள் ஒரு தாளில் வார்டில் போடுவது போலக் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். காலை, மதியம் அவர் பொறுப்பு. மூன்று மணிக்கு அவள் டியூட்டி முடித்து வந்ததும் அவர் கடை திறக்கக் கிளம்பிவிடுவார். மாலையும் இரவும் அவள் பொறுப்பு.

"எவ்வளவு உள்ள போச்சோ அதை எழுதணும்ங்க. வார்டுல கூட இருக்கிறவங்க சூப்பை வாஷ்பேசின்ல ஊத்திட்டு, 'குடிச்சுட்டார் சிஸ்டர்'னு கூசாமச் சொல்வாங்க. அந்த வேலையெல்லாம் இங்க வேணாம்."

முதல் நாள் அவர் உள்ளபடியே 'இல்லை' என்று இரண்டு கட்டத்திலும் எழுதினார். அவள் வந்து அதைப் பார்த்தாள். மதியம் கொண்டுபோன டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வந்திருந்தாள். அதை மேடையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாள் முழுக்க நாற்பது பேரைச் சாப்பிட வைத்துவிட்டு வருகிறவள்! அவர் சத்தமில்லாமல் கடைக்குக் கிளம்பினார். ஆனால் கடையடைத்துத் திரும்பியபோது இரவுக் கட்டத்தில் 'கால் கிண்ணம்' என்று இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பின்னாலேயே கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாளும் பெரியவர் மசியவில்லை. முட்டையை முகர்ந்து பார்த்து, பரவாயில்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரர் பேனாவை எடுத்தார். அவள் கையால்தான் உள்ளே போகிறதே, நம் கட்டத்தில் என்ன இருந்தால் என்ன? 'அரைக் கிண்ணம்' என்று எழுதிவிட்டு, கடைக்குப் போகிற வழியில் குப்பைத்தொட்டியில் போடக் கிண்ணத்தில் இருந்ததைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டாரா!" செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து தாளைப் பார்த்த அவள் கேட்டாள். அந்த முகத்துக்காக அவர் இன்னும் நூறு பொய் எழுதியிருப்பார். அன்று அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் 'முக்கால் கிண்ணம்'. பொய் என்று ஆன பிறகு எதற்குக் கஞ்சத்தனம்? குளிருக்கு அவரே தைத்துப் போட்டிருந்த சட்டை பெரியவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. அதைக் கழற்றி, இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிடித்துத் தைத்து மாட்டிவிட்டார். தொழில் சுத்தம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. "சட்டை கச்சிதமா இருக்கே, கொஞ்சம் தேறிட்டார் போல" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

நான்காம் நாள் மதியம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "தின்னு தொலையேன்டா! அவ கொடுத்தா மட்டும் திங்கிறே, என் கையில என்ன விஷமா இருக்கு?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் 'டா'. பெரியவர் மெல்ல எழுந்து வந்து, கோழியை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டை நக்கினார். தையல்காரர் அந்தத் தலையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று புலம்பினார். கட்டத்தில் 'முழுக் கிண்ணம்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறை வாசலில், "பெரியவர் உள்ள வாங்க!" என்று உதவியாள் கூப்பிட்டதும், கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். விலா எலும்பை எண்ணிவிடலாம். தராசில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அவள் நீட்டிய தாளில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

"நல்லாத்தானே சாப்பிடுது." நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு சாப்பிட்டும் இப்படி இறங்குதுன்னா, கிட்னி மட்டும் இல்லம்மா. உள்ள வேற ஏதோ பெருசா இருக்கு. ஒளிக்காமச் சொல்லிடறேன். இதுக்கு மேல இழுக்க வேண்டாம். இன்னைக்கே முடிச்சுடலாம்."

தையல்காரர் தாளை எட்டிப் பிடித்தார். தன் கையெழுத்தை நம்பியல்லவா ஊசியை எடுக்கப் போகிறார்!

"டாக்டர், அது பொய். காலையும் மதியமும் நான் எழுதினது அத்தனையும் பச்சைப் பொய். என் கையால ஒரு வாய்கூட வாங்கல. இவ கொடுத்ததை மட்டும்தான் சாப்பிட்டார்."

மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் கையாலயும் சாப்பிடலங்க" என்றாள்.

"கால் கிண்ணம்னு எழுதியிருந்தியே?"

"அன்னைக்கு நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருந்த எழுத்தே நடுங்கிப் போயிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு 'இல்லை' எழுத எனக்குக் கை வரல. மறுநாளிலிருந்து உங்ககிட்ட சாப்பிடறாரேன்னு தைரியமா எழுதினேன்."

"நான் உன்கிட்ட சாப்பிடறாரேன்னு..."

டாக்டர் தாளை மேசையில் வைத்தார். "அப்ப அஞ்சு நாளா ஒண்ணுமே உள்ள போகலையா?"

ஆமாம் என்று இருவரும் தலையசைத்தார்கள்.

"ரெண்டாம் நாளே வந்திருந்தா, ட்யூப் போட்டு ஆகாரம் இறக்கியிருக்கலாமேம்மா. நீங்க நர்ஸ் வேற." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப உடம்பு அதைத் தாங்குமான்னு தெரியல. போட்டுப் பார்க்கிறேன். தலையைப் பிடிச்சுக்கோங்க."

எத்தனையோ பேருக்கு ட்யூப் போட்ட கை அவளுடையது. இன்று பெரியவரின் தாடையைப் பிடிக்க இரண்டு தடவை முயன்றாள். தையல்காரர் மறுபக்கம் நின்று பின்னங்காலைத் தடவினார். பெரியவர் முரண்டு பண்ணவில்லை. அவரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிடித்தபடி பிடித்துக்கொள்ளுங்கள் என்று படுத்திருந்தார்.

"பிழைச்சுடுவாரா?" என்று தையல்காரர் மனைவியிடம் கேட்டார். "எனக்காக எதுவும் சொல்லாதே. நிஜத்தைச் சொல்லு."

அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்து மூடியது.

"தெரியலங்க" என்றாள்.