மிஸ் கிராப்ட்ரீ திட்டிய பெண்

ஜூலை முதல் திங்கட்கிழமை மாலை, பழுப்பு உறையில் வந்த மகளின் ஆண்டறிக்கையை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் கிளிஃபர்ட் சக்டன் பிரித்தார். வட இங்கிலாந்தின் கிர்க்பெக்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரே தாள். அதில் ஒன்பது ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு வரி எழுதியிருப்பார்கள். முன்னவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் பேனாவைத் திறப்பார். அதனால் தாளில் கீழே போகப் போகக் குறும்பு ஏறிக்கொண்டே போகும். யாராவது ஓர் எழுத்தை அடித்துத் திருத்திவிட்டால் தாளே செல்லாது, ஒன்பது பேரும் புதிதாக எழுத வேண்டும்.

"சத்தமாப் படி கிளிஃப்," என்றாள் மனைவி மேவிஸ், தேநீர்க் கெண்டியின் மேல் துணி உறையை மாட்டியபடி. "தையல்ல என்ன போட்டிருக்கு?"

"'போன செப்டம்பரில் தொடங்கிய ஏப்ரன் நல்லபடியாக வளர்ந்து வருகிறது. ஜில்லியனின் திருமணத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.'"

"கல்யாணமே வேண்டாம்னுட்டா ஏப்ரனும் வேண்டாம்தானே?" என்றாள் மகள் ஜில், ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

"வாயப் பாரு. மேல படி."

"பூகோளம். 'நைல் நதி இம்முறை சரியான கண்டத்தில் ஓடுகிறது. வாழ்த்துகள்.' வேதபாடம். 'இவளுடைய கேள்விகளை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.'"

மேவிஸுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளிஃபர்ட் கடைசி வரிக்கு வந்தார். கணக்கு, மிஸ் கிராப்ட்ரீ. படிப்பதற்கு முன்பே நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"'இவளுடைய நோட்டு கோழி கிளறிய குப்பைமேடு. விடைக்குப் போன வழியை எழுது என்றால், ஊர் வந்த பிறகு வழி எதற்கு என்கிறாள். ஓராண்டாக என் நிம்மதியைக் கெடுத்தவள். இவளோடு இன்னும் ஓராண்டா என்று நினைத்தாலே தலை வலிக்கிறது.'"

படித்து முடித்ததும் மேசையில் ஒரு குத்து விட்டார். "பாத்தியா மேவிஸ்! நாலு வரி! ரெண்டு வரி இடத்துல நாலு வரி நெருக்கி எழுதியிருக்காங்க! மருந்துக்கடை வாட்ஸ்வொர்த்துக்கே மூணு வரிதான்!"

ஜில் குனிந்து ரொட்டியைக் கடித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. பதினைந்து வயதில் அவளுக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் பசி கிடையாது. போன வருடம் அப்பா ஓட்டும் பதினேழாம் எண் பஸ்ஸின் நேர அட்டவணையை எடுத்து, ஒரு பஸ்ஸைக் குறைத்து, அத்தனை நிறுத்தத்துக்கும் முன்னைவிடச் சீக்கிரம் பஸ் வரும்படி மாற்றிக் காட்டியவள்.

அப்போதுதான் தாளின் அடியில், சிவப்பு மையில், தலைமையாசிரியரின் வரி கிளிஃபர்ட்டின் கண்ணில் பட்டது. 'மேற்கண்ட குறிப்பை வைத்துப் பார்க்கையில், கணக்கில் ஜில்லியனை ஓ லெவலுக்கு அனுப்புவது உசிதமல்ல. இரண்டாம் தரத் தேர்வுக்குப் பரிந்துரைக்கிறேன்.'

ஓ லெவல் என்றால் மேலே இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகம். இரண்டாம் தரம் என்றால் பதினாறு வயதில் அம்மாவோடு பிஸ்கட் ஆலை.

"இந்த ஆளு தெற்கத்திக்காரன்," என்றார் கிளிஃபர்ட் மெதுவாக. "ஈஸ்டருக்குத்தான் இங்க வந்தான். இவனுக்கு எழுத்து தெரியும், கிராப்ட்ரீ எழுத்து தெரியல."

கிர்க்பெக்கில் பால்காரருக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. முப்பத்தொன்பது வருடமாக மிஸ் கிராப்ட்ரீ யாரைத் திட்டி எழுதுகிறாரோ அவருக்குக் கணக்கு வரும். வராதவர்களுக்கு அவர் எழுதுவது ஒரே சொல்: திருப்திகரம். உன் முகம்கூட எனக்கு நினைவில்லை என்று அதற்குப் பொருள். ஆகவே ஊரில் ஆண்கள் பியர் கோப்பையோடு உட்கார்ந்தால், தான் வாங்கிய வசையைச் சொல்லித்தான் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

கிளிஃபர்ட்டுக்கும் ஒரு வசை இருந்தது. 'இவனுக்குச் சொல்லித்தந்த நேரத்தில் பால்காரர் குதிரைக்குச் சொல்லித்தந்திருந்தால், குதிரை இந்நேரம் வங்கியில் வேலை பார்க்கும்.' பழகத் தொடங்கிய நாளிலேயே மேவிஸிடம் சொன்னது. அவள் வெளியூர்க்காரி. பதினெட்டு வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஜில்லும் பெருமையாகத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வரியை எழுதியவர் கிளிஃபர்ட்தான். அவருடைய உண்மையான அறிக்கைகள் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடந்தன.

மறுநாள் பணிமனையிலிருந்து பள்ளிக்குத் தொலைபேசினார். தலைமையாசிரியர் மிஸ்டர் பெல்ஹாம் தன்மையாகத்தான் பேசினார்.

"நானும் அவசரப்படல மிஸ்டர் சக்டன். மிஸ் கிராப்ட்ரீயையே கூப்பிட்டுக் கேட்டேன். நினைச்சுத்தான் எழுதினீங்களான்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒவ்வொரு வார்த்தையும் நினைச்சு எழுதினதுதான், இன்னும் கடுமையா எழுதியிருக்கணும், இடம் பத்தலன்னாங்க."

கிளிஃபர்ட் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாவம், அந்த அம்மா தன்னால் முடிந்தவரை புகழ்ந்திருக்கிறார்.

"ஓ லெவல் பட்டியல் வெள்ளிக்கிழமை போயிடும்," என்றார் பெல்ஹாம். "வியாழன் மூன்றரைக்கு வாங்க. ஆனா நான் பார்க்கறது எழுத்துல இருக்கணும்."

எழுத்தில்தானே? புதன்கிழமை பதினேழாம் எண் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் கிளிஃபர்ட் ஒரே செய்தியைச் சொன்னார். வியாழக்கிழமை காலை நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் நின்றது. ஏறுவதற்கல்ல, கிராப்ட்ரீ திட்டி எழுதிய பழைய அறிக்கைத் தாளைக் கொடுப்பதற்கு. கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

"இது எங்க டோரீனோடது, ஐம்பத்தெட்டாம் வருஷத்தது," என்றாள் கெர்ஷா அம்மாள், கைப்பையைத் திறந்தபடி. "கேளு கண்ணு. 'இவள் வரைந்த முக்கோணத்தில் ஒரு கோணம் பக்கத்து வீட்டில் இருக்கிறது.' இப்ப எங்க வரையறா தெரியுமா? கவுன்ட்டி ஆபீஸ்ல பாலம் வரையறா!"

"அம்மா, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான்."

"அடிக்கட்டும். அவன் திருப்திகரமா இருப்பான்."

சந்தை நிறுத்தத்தில் கறிக்கடை ஃபர்த் ஒரு தாளை நாலாக மடித்து, ஜன்னல் வழியாக நீட்டினார். குரல் தாழ்ந்துவிட்டது. "கிளிஃப், இது... அந்த இன்னொரு ரகம். உதவும்னா காட்டு. ஆனா பேரு இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால மறைச்சுக்க. எம்பொண்டாட்டிக்குத் தெரியாது."

கிளிஃபர்ட் வாங்கிப் பையில் வைத்தார். பஸ்ஸைக் கிளப்பினார். பெயரை மறைத்த தாள் எதற்கு ஆகும்? அது யாருடையது, அந்த ஆள் இப்போது என்ன செய்கிறான் என்று தெற்கத்திக்காரன் கேட்பான். மதியம் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போய், கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களை நகர்த்தினார்.

மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கிளிஃபர்ட் சீருடையில், மேவிஸ் பிஸ்கட் வாசனையோடு, ஜில் நாற்காலி நுனியில். கிளிஃபர்ட் பதினான்கு தாள்களை ஆண்டு வரிசைப்படி மேசையில் பரப்பினார்.

பெல்ஹாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'இவனுடைய தசமப் புள்ளி ஒரு நாடோடி. இவன் கையால் மருந்து வாங்கிக் குடிக்கும் நிலை எனக்கு வராதிருக்கட்டும்.' யார் இது?"

"வாட்ஸ்வொர்த். மருந்துக்கடை. ஆறு வருஷமா மிஸ் கிராப்ட்ரீக்கு ரத்த அழுத்த மாத்திரை அவர்தான் குடுக்கறாரு."

பெல்ஹாமின் உதடு ஒரு பக்கம் துடித்தது. பாலம், கப்பல் பொறியாளர், கேம்பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"மிஸ்டர் சக்டன், ரசிச்சுப் படிச்சேன். ஆனா இதுல என்ன தெரியுது? அவங்க எல்லாரையும்தான் திட்டறாங்க. பதினாலு பேர் முன்னுக்கு வந்திருக்காங்க. திட்டு வாங்கி முன்னுக்கு வராதவங்க எத்தனை பேரோ? யாரையாவது நல்லவிதமா எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க."

"யாரை?"

கிளிஃபர்ட் மேவிஸைப் பார்க்கவில்லை. ஜில்லையும் பார்க்கவில்லை. சட்டையின் உள்பையில் கட்டைவிரல் மறைக்காத தாள்கள் இருந்தன. அவற்றை எடுத்து, பெயர் மேலே தெரியும்படி, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார். நாற்பத்து மூன்றாம் ஆண்டு, கிளிஃபர்ட் சக்டன், திருப்திகரம். நாற்பத்து நான்கு, திருப்திகரம். அந்தக் காலத்தில் பருவத்துக்கு ஒரு தாள்; பன்னிரண்டு பருவம், பன்னிரண்டு திருப்திகரம்.

"இது நான்தான்," என்றார். "ஏழு எட்டுக்கு மேல எனக்கு வாய்ப்பாடு வராது. அந்தம்மாவுக்கு அது முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்மேல ஒரு சொட்டு மை வீணாக்கல. கணக்கு வராதவங்களுக்குத்தான் சார் அவங்க நல்லதா எழுதுவாங்க."

மேவிஸ் ஒரு தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் குதிரை?" என்றாள் மேவிஸ்.

"குதிரை நான் எழுதினது."

பெல்ஹாம் தன் இழுப்பறையைத் திறந்து, வெள்ளிக்கிழமை போகவிருந்த பட்டியலை எடுத்தார். கூடவே அந்த வருடத்து அறிக்கைகளின் நகல்களையும் எடுத்துப் புரட்டினார். ஓ லெவலுக்கு அவர் பொறுக்கியிருந்த பத்தொன்பது பேரில் பதினேழு பேர் திருப்திகரம். நீக்கியிருந்த மூவரில் ஒருவன் 'இருகால் பேரிடர்', இன்னொருத்தி 'தேற்றங்களை அழிக்க எதிரி நாடு அனுப்பிய ஒற்றர்', மூன்றாவது ஜில். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"எங்க ஊர்ல," என்றார் மெல்ல, "திட்டுன்னா திட்டுதான்."

"அங்க எப்படி சார் பிள்ளைங்க படிக்குது?" என்றாள் மேவிஸ், நிஜமான கவலையோடு.

அவர் பட்டியலில் மூன்று பெயர்களை எழுதினார். மூன்றாவதை எழுதும்போது ஜில்லைப் பார்த்து, "ஓ லெவல். சரிதானே?" என்றார். ஜில் தலையாட்டினாள். பிறகு பெல்ஹாம், கிளிஃபர்ட் கொண்டுவந்திருந்த ஜில்லின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விட்டார். தன் சிவப்பு வரியை மாற்ற வேண்டுமென்றால் ஒன்பது பேரும் மறுபடி எழுத வேண்டும். "ஆசிரியர் அறையில என்னை உரிச்சுடுவாங்க."

"எழுதட்டும் சார்," என்றாள் மேவிஸ். "ஆனா கணக்கு வரியில ஒரு எழுத்து குறையக் கூடாது. கோழி இருக்கணும். தலைவலி இருக்கணும். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போறேன்."

வெளியே படியிறங்கும்போது ஜில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதோடு விட்டுவிட்ட பழக்கம்.

"பன்னண்டு தடவையாப்பா?"

"பன்னண்டும்."

"அம்மா, நீ குதிரைக்காகவா அப்பாவைக் கட்டிக்கிட்ட?"

"குதிரைக்காக யாராவது கட்டிக்குவாங்களா? உங்கப்பன் வால்ட்ஸ் டான்ஸ் ஆடினா கால் தரையில படாது," என்றாள் மேவிஸ். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பதினெட்டு வருஷம் வாயத் திறக்காம இருந்தியே, கழுதை. இன்னிக்குத் திறந்தியே," என்று அவர் தொப்பியை நேராக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பணிமனையில் மேற்பார்வையாளர் ராம்ஸ்டன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் நாலைந்து ஓட்டுநர்கள் தேநீர்க் குவளையோடு நின்றார்கள்.

"பதினேழாம் எண், வியாழன், இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். பனி இல்ல, ஆட்டுமந்தை இல்ல. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன எழுதறது?"

"என் பொண்ணு ஓ லெவல் கணக்கு எழுதப் போறான்னு எழுதுங்க."

"அதெல்லாம் காரணம் ஆகாது கிளிஃப். மேலிடத்துல இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"மேலிடத்துல படிக்கிறவன் கிர்க்பெக் ஆளா?"

"ஆமா, கிர்க்பெக்தான்."

"அப்ப கூடவே இதையும் எழுதுங்க. கிராப்ட்ரீ அவளுக்கு நாலு வரி எழுதியிருக்காங்க."

குவளைகள் அப்படியே நின்றன. "நாலா?" என்றார் ராம்ஸ்டன். பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரம்வரை போகிறாற்போல் எழுதத் தொடங்கினார். கிளிஃபர்ட் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் பதினேழாம் எண் தாமதமாகத்தான் கிளம்பியது.