பசை இறுகும்வரை

ஹால்வரின் வலது கால் படகுக்குள் போய்விட்டது. மீதி ஹால்வர் மேல்தளத்திலேயே இருந்தான்.

மனைவி யோருன் கேட்ட கம்பளிக் குல்லாயை எடுக்கத்தான் ஏறினான். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த அவளுடைய சின்னப் பாய்மரப் படகின் முன்தளத்தில், உள்ளே இறங்கும் திறப்புக்கு மேல் ஒரு மரமூடி உண்டு. அதன்மேல் மட்டும் மிதிக்காதே என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். ரொட்டி சுடுகிறவனுக்கு உண்டான எடையோடு மிதித்தான்.

வீட்டு முன்னறை ஜன்னல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டிருந்ததால், அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"பெர்கிட், வந்து பாரேன்! நம்ம ரொட்டிக்காரன் பாய்மரமா நிக்கிறான்!"

அவளுடைய அக்கா பெர்கிட் ஓடிவந்தாள். யோருனின் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியதும் சொன்னாள்: "உடைச்சவன்தான் செய்யணும். எனக்குப் புது மூடி வேணும்."

"நானா? நான் செஞ்சா நடுவுல உப்பிக்கும்."

"உப்பட்டும். மழைத்தண்ணி நிக்காம வழியும்."

படகுப் பட்டறையிலேயே வாழ்க்கையைக் கழித்தவள் அவள். இப்போது கரண்டியைத் தூக்க முடியாது. நர்ஸ் தினமும் காலையில் வந்து மருந்து கொடுப்பாள். குளிப்பாட்டுவது பெர்கிட். ஹால்வர் தலையணையைச் சரிசெய்வான். அவன் போனதும் பெர்கிட் அதைத் திரும்பச் சரிசெய்வாள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டரும் "பார்ப்போம்" என்றார், நர்ஸும் "பார்ப்போம்" என்றாள். அதனால் அவன் கொட்டகைக்குப் போனான். அவள் கண்ணை மூடுவதற்குள் அந்த மூடி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் செய்யக்கூடியதாக உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதுவும் அவனுக்குச் செய்யத் தெரியாது.

முதல் மூடியை ஜன்னலில் தூக்கிக் காட்டினான்.

"அழகா இருக்கு. கொண்டுபோய் வெச்சுப் பாரு."

வைத்தான். மூடி நேராக உள்ளே போய் அடித்தளத்தில் தொப்பென்று விழுந்தது.

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது," என்றாள் யோருன். "ஓட்டையை அளந்தியா, ஓட்டையைச் சுத்தி நிக்கிற சட்டத்தை அளந்தியா?"

"ஓட்டையை."

"பானைக்குள்ள விழுற மூடியை நீ காசு குடுத்து வாங்குவியா?"

மறுநாள் ஓக் பலகை வாங்கிவந்து திரும்ப ஆரம்பித்தான். சட்டத்தின் மேல் தொப்பி போல இறங்கி உட்கார வேண்டும். நான்கு பக்கக் கட்டை, மேலே பலகை. அவன் வெட்டிய மூலைகளில் எலி குடும்பத்தோடு தங்கலாம். இழைத்தான், வைத்தான், எடுத்தான், திரும்ப இழைத்தான். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் கட்டிலோடு கட்டிலாகியிருந்தாள். கேலி நின்றுவிட்டது. கேலி செய்யாத யோருனிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு ஒட்டிடுவேன்," என்றான், ஒரு காலையில்.

அவள் உதடு அசைந்தது. "மூலைக்கு மூலை குறுக்கா அளந்து பாரு. ரெண்டும் ஒண்ணா வரணும்."

அந்தப் பசை இரண்டு டப்பாவில் வருவது. கலந்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குள் தடவி, சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கியாக வேண்டும். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கலந்தான். மூலைக்கு மூலை அளந்தால் விரலளவு வித்தியாசம். முழங்காலால் முட்டினான். ஒரு கிளாம்ப் நழுவித் தாடையில் அடித்தது. பசை தாடியில், கால்சட்டையில், அளவுநாடாவில், கொஞ்சம் மரத்திலும். கடைசியில் இரண்டு அளவும் ஒன்றாக வந்தபோது தனியாகவே "ஹா!" என்று கத்தினான்.

எதிலும் படாமல் கைகளைத் தூக்கிக்கொண்டு, பிடிபட்ட திருடனைப் போல, அவளிடம் சொல்ல வெளியே வந்தான். முன்னறை ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. செப்டம்பர் குளிர்காற்றில் அந்த ஊரில் யாரும் அப்படித் திறந்துபோட மாட்டார்கள், வீட்டில் ஒருவர் போனாலொழிய.

பெர்கிட் படியில் நின்றிருந்தாள். "உள்ள வா," என்றாள்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். பத்து விரலிலும் பசை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும். முழங்கையை மடக்கி, முன்கையில் சுத்தமாயிருந்த ஓரிடத்தால் அவள் கன்னத்தைத் தொட்டான். அது இன்னும் சூடாகவே இருந்தது.

நர்ஸ் வந்து போனாள். பெர்கிட் முற்றத்துக் கம்பத்தில் கொடியைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். பிறகு சமையலறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்னைக் கேட்டாளா?"

"காப்பி ஆறுது, ஹால்வர்."

"கேட்டாளா?"

"அமைதியாத்தான் போனா. நர்ஸும் அதைத்தானே சொன்னா."

"நர்ஸ் அப்ப இங்க இல்லவே இல்லையே."

பெர்கிட் பழுப்புப் பாலாடைக்கட்டியை மெல்லியதாகச் சீவினாள். வாஃபிள் அப்பத்தின் மேல் வைத்தாள். அவன் பக்கம் நகர்த்தினாள். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

"பெர்கிட், கூப்பிட்டா கேக்கும், இருபது அடியில இருந்தேன். கதவு திறந்துதான் இருந்துது. நேராச் சொல்லு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டா. 'ஹால்வர் எங்க'ன்னா. கூப்பிடலாம்னு எந்திரிச்சேன். என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவு பலம் எங்கேர்ந்து வந்துதோ. 'கலக்குற சத்தம் கேக்குது. பசை கலந்தவனைப் பட்டறையில யாரும் கூப்பிட மாட்டாங்க, விடு. முடிச்சுட்டு வரட்டும்'னா."

ஹால்வர் விரலில் காய்ந்துபோன பசையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். தோலும் கூடவே வந்தது.

"நேரம் இருக்குன்னு நெனச்சிருக்கா," என்றான்.

"இல்ல," என்றாள் பெர்கிட். "இல்லைன்னு தெரிஞ்சுதான் சொன்னா."