கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில்

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது பாண்டிச்செல்வி கண்ணயர்ந்துவிட்டாள். தண்டலத்தில் பஸ் குலுங்கியது. கையிலிருந்த போன் ஜன்னல் வழியே ரோட்டில் விழ, பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனது.

சுடலைக்கண்ணுவுக்கு இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்ட பிறகு, இருவரும் போனிலேயே பழகியவர்கள். இருவர் வேலையும் இதே பக்கம்தான் என்றாலும் ஷிஃப்ட்டுகள் ஒத்துவரவில்லை. நேற்று அவன் முடிவாகக் கேட்டிருந்தான். "அம்மா பொண்ணு பாக்கக் கூப்பிடுதா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நீ சரின்னா இருக்கேன். இல்லன்னா ஊருக்கு பஸ் ஏறிருவேன்."

அறைக்கு வந்ததும் தோழி அம்சவல்லி தன் போனை நீட்டினாள். "இந்தா, இதுல அடி."

"நம்பர் தெரியாதே. பேரை அமுக்குனா போயிரும்."

"ஊர்ல யாரையாச்சும் கேளேன்."

"அவங்க நம்பரும் அதுலதான இருந்துச்சு."

"தினம் பேசிக்கினே கீற. வூடு எங்கன்னு ஒருநாளாச்சும் கேட்டியா?"

"ஒரகடம்னு சொன்னாவ."

"நல்லா கீது போ. பாதி தமிழ்நாடு ஒரகடத்துலதான் கீது."

பாண்டிச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் பஸ்ஸுக்கு நின்றபடிதான் அவன் பேசுவான். அவன் குரலுக்குப் பின்னால் கரும்பு ஜூஸ் மெஷினின் சலங்கைச் சத்தம் கேட்கும். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் "வல்லக்கோட்டை, வல்லக்கோட்டை" என்று கூவிக்கொண்டே இருப்பார். ஊருக்குக் கிளம்பினாலும் அங்கிருந்துதான் பஸ் ஏறுவான். அந்தச் சத்தம் தெரியும் அவளுக்கு. அது போதும்.

முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலில் கண்ட ஜூஸ் வண்டியில் சலங்கையே இல்லை. வல்லக்கோட்டை ஆட்டோ எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். சலங்கைச் சத்தம் காதில் விழுந்தது. வண்டிக்குப் பக்கத்து பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தான்.

"என்ன, துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "காலைலேர்ந்து அடிக்கேன். சுவிட்ச் ஆஃப். வேண்டாம்னு சொல்லச் சங்கடப்பட்டு ஆஃப் பண்ணிட்டன்னு நெனச்சேன்."

"வேண்டாம்னா வாயால சொல்லத் தெரியும் எனக்கு. லாரி ஏறிட்டு. போன் மேலதான், என் மேல இல்ல."

அவன் சிரித்தான். போனில் எத்தனையோ முறை கேட்ட சிரிப்புதான். ஆனால் சிரிக்கும்போது அவன் தலையைக் குனிந்துகொள்வான் என்பதை இன்றுதான் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"அப்போ சரியா?"

"சரி சொல்லத்தான் தேடி வந்திருக்கேன். உங்க அம்மைக்குப் போடுங்க."

"இப்பவேயா? நான் சாயந்தரம் பக்குவமா..."

"போடுங்கங்கேன்."

அவன் போட்டுக் கொடுத்தான். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அத்தை, நான் பாண்டிச்செல்வி பேசுதேன்."

"எந்தப் பாண்டிச்செல்வி?" என்றது மறுமுனை.

அவள் சுடலைக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க மகன் இன்னும் சொல்லலையா? சரி, நான் சொல்லுதேன்," என்றபடி அவன் பையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.