குலைநடுக்கி

யுங்சி நகரத்து மதிலில் வெடிமருந்துத் தலைவராக இருந்த கோவ் ஷென்னுக்குப் புருவங்கள் கிடையாது. தொழில் தின்றுவிட்டது. வலது காதும் பாதிதான் கேட்கும். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை. எதிரி என்று ஒருவன் வரவேண்டும், தன் நெருப்பைப் பார்த்து அலறிப் புடைத்துக்கொண்டு ஓடவேண்டும், அதை மதில்மேல் நின்று கண்ணாரக் காணவேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். சீன தேசத்து ஹுவாய் நதிக்கரையில் மற்ற ஊர்களுக்கெல்லாம் எதிரி வந்தான். யுங்சியை மட்டும் ஒருவனும் சீந்தவில்லை.

கடைசியில் செம்புத்தாடி ஹுவோ வந்தான். வரிக்குப் பயந்து நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய குடியானவர்களைச் சேர்த்துக்கொண்டு, பெண்டாட்டி, பிள்ளை, சட்டி, பானை, வாத்துக்கூட்டம் சகிதமாக மதிலைச் சுற்றி வளைத்துக்கொண்டான். நகர அதிகாரி திங் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்கிருந்தபடியே கோவ் ஷென்னுக்கு ஆள் அனுப்பினார். கோவ் ஷென்னோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி புது அங்கி போட்டுக்கொண்டு மதிலேறினார்.

அவர் செய்து வைத்திருந்த ஆயுதத்துக்குக் குலைநடுக்கி என்று பெயர். மூங்கில் குழாய்க்குள் வெடியுப்பு, கந்தகம், கரி. கூடவே எதிரியின் முகத்தைக் கிழிப்பதற்காக இரும்பு. இரும்பை நொறுக்கும் வேலை அவர் மனைவி லான்ஹேயுடையது. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் அவள். மாவாக அரைத்து, சலித்தும் கொடுத்திருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் திரியில் நெருப்பு வைத்தார். குழாய் சீறிக்கொண்டு போய்ப் பாசறைக்கு மேலே வெடித்தது. மாவான இரும்பு தீப்பொறியாகி, வானம் பூராவும் பொன்பூவாகக் கொட்டியது. கீழே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. கோவ் ஷென் நெஞ்சை நிமிர்த்தினார். செத்தான் எதிரி.

"ஆஹாஹா!" என்று பாசறையே எழுந்து நின்றது.

"யோவ் மதில்காரரே! பிரமாதம்யா! இன்னொண்ணு விடுய்யா!"

"எம்பொண்ணு பாக்கல சாமி! வாத்து புடிக்கப் போயிருந்தா. அவளுக்காக ஒருக்கா விடுங்க!"

கோவ் ஷென் மதில் விளிம்புக்கு ஓடினார். "டேய், அது ஆயுதம்டா!" என்று கத்தினார். "பயப்படுங்கடா!"

"பயந்துட்டோம், பயந்துட்டோம். அடுத்தது விடு!"

வீட்டுக்கு வந்து மனைவிமேல் பாய்ந்தார். "எதுக்குடி இவ்ளோ நைசா அரைச்ச?"

"பின்ன, கல்லும் கரடுமாவா குடுப்பாங்க? நான் அரைச்சதப் பாத்து நாலு பேரு சந்தோசப்பட்டா உங்களுக்கு ஏன் எரியுது?"

"அவனுங்க எதிரிடி!"

"எதிரிக்குக் கண்ணு இல்லியா?"

மறுநாள் இரட்டிப்பு மருந்து கெட்டித்து, இடி மாதிரி முழங்க வைத்தார். பாசறைக் குழந்தைகள் விழுந்து புரண்டு சிரித்தன. அதற்கு மறுநாள் மிளகும் பன்றிச்சாணமும் கலந்து நாற்றப் புகை போட்டார். காற்று திரும்பிவிட்டது. நகர அதிகாரி திங் ஒரு வாரம் தும்மினார்.

ஆனால் தும்மலுக்கு நடுவிலும் திங்குக்கு ஒன்று புரிந்தது. எதிரி மதிலை அடிக்கவே இல்லை. பகலெல்லாம் தூங்கினான். சாயங்காலமானால் பாய் விரித்து, எள்ளடையும் ஊறுகாய் முள்ளங்கியும் எடுத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"இதான்யா போர்த் தந்திரம்!" என்று திங் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தார். "விடாம விடு!"

"ஐயா, அவனுங்க ரசிக்கிறானுங்க. எனக்கு மானம் போகுது."

"உன் மானத்த வெச்சு நான் என்ன பண்றது? என் தலை கழுத்துல இருக்கே, அது போதும்."

ஒரு சாயங்காலம் மதில்மேல் கூச்சல் கிளம்பியது. எதிரி ஏணிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான்! காவலர்கள் கொதிநீர்க் கொப்பரைகளுக்கு ஓடினார்கள். கோவ் ஷென்னுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாடா, இப்போதாவது போர்.

ஏணிகள் மதிலில் சாய்ந்தன. கலகக்காரர்கள் ஏறினார்கள். பாதி ஏறி, மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிகளில் உட்கார்ந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?" என்று கொப்பரையும் கையுமாக நின்ற காவலன் கேட்டான்.

"கீழ இருந்தா மூங்கில் தோப்பு மறைக்குது அண்ணே. ஆமா, அதென்ன கையில, வெந்நீரா? தேத்தூள் இருக்கா?"

காவலன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தேத்தூள் எடுத்துவரப் போனான்.

வெடியுப்பு தீர்ந்த அன்றுதான் யுங்சிக்கு உண்மையான ஆபத்து வந்தது. இருட்டியும் வானம் சும்மா கிடந்தது. பாசறையில் முணுமுணுப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது கூச்சலாகி, யாரோ போர் முரசைத் தேடி எடுத்து அடிக்கத் தொடங்கினான். செம்புத்தாடி ஹுவோ வாளை உருவிக்கொண்டு கோட்டை வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னிக்கி ஏன் விடல? ஊர்லேர்ந்து எம்மாமியாரு வந்திருக்கா. எம்மானத்த வாங்கிப்புட்டீங்களே!"

"உப்பு தீந்துபோச்சு" என்றார் கோவ் ஷென்.

"வெடியுப்புதான? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! எங்க கக்கூஸ் சுவரெல்லாம் அதானய்யா பூத்துக் கெடக்கு!"

விடிந்ததும் கலகக்காரர்கள் சுவரைச் சுரண்டி, கூடை கூடையாக வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். லான்ஹே எதிரிப் பெண்களோடு உட்கார்ந்து காய்ச்சி வடித்தாள். கோவ் ஷென் தலையில் கை வைத்துக்கொண்டு குழாய் கெட்டித்தார். அவர்களைக் கொல்ல வேண்டிய மருந்தை அவர்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கும்போது முதுகில் தட்டிக் கொடுத்து, "நம்ம கோவ் அண்ணன்" என்கிறார்கள். இதைவிடக் கேவலம் ஒரு போர்வீரனுக்கு வேறு உண்டா?

விதைப்புக் காலம் நெருங்கியதும் பாசறையில் ஆட்களுக்கு நிலத்தின் நினைப்பு வந்துவிட்டது. ஹுவோ வாசலுக்கு வந்து, வரியைத் தள்ளுபடி செய்தால் போய்விடுகிறோம் என்றான். திங் அந்தக் கணமே ஒப்புக்கொண்டார். ஹுவோவுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆண்டுதோறும் முதல் மாதத்துப் பௌர்ணமியன்று குடும்பத்தோடு வருவோம், கோவ் ஷென் வாணம் விடவேண்டும்.

"முடியாது!" என்றார் கோவ் ஷென். "நான் கூத்தாடி இல்ல!"

அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்தாரும் அதற்குள் விருந்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

பௌர்ணமிக்கு ஹுவோவின் ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். மதிலடியில் விளக்குக்கடை, கள்ளுக்கடை, பொம்மலாட்டம் எல்லாம் முளைத்தன. கோவ் ஷென்னின் பதவிப் பெயரையே திங் மாற்றி, "திருவிழாப் பூமழை அதிகாரி" என்று பட்டுத்துணியில் எழுதி அவர் வீட்டு வாசலில் மாட்டினார். கோவ் ஷென் அந்த வாசலை விட்டுவிட்டுப் புழக்கடை வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார்.

அப்படி ஒரு பௌர்ணமியில் கடைசிக் குழாயையும் விட்டுவிட்டு, ஜனங்களின் ஆரவாரம் தாங்காமல் மதிலிலிருந்து இறங்கிக் கடைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கே எள்ளடை விற்பவனின் கழுதை ஒன்று வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தது. நாலு காலும் வெடவெடத்தன. காதுகள் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன. வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

கோவ் ஷென் அப்படியே நின்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தார்.

"பயந்துட்டியா?" என்று கேட்டார். "நெசமாவே பயந்துட்டியா, ராசா?"

கழுதை பார்க்கவே மறுத்தது. அவர் ஓடிப்போய் ஒரு கட்டு முள்ளங்கி வாங்கிவந்து, வண்டிக்கு அடியில் தானும் நுழைந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அது நடுக்கம் தீர்ந்து தின்னத் தொடங்கும்வரை, எந்தெந்தக் குழாயில் என்னென்ன கலந்திருந்தது, அடுத்த ஆண்டு எதை இன்னும் கெட்டிப்பதாக இருக்கிறார் என்றெல்லாம் அதன் காதில் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.