தேவநாதன் பேர் போட்ட பாய்

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் விழுப்புரம் பொருட்காட்சிக்குப் போகிற பஸ்ஸிலேயே கிருஷ்ணவேணி அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அவுரு எது கேட்டாலும் உம்முனு மட்டும் சொல்லு. தேவநாதன் பேச்சை எடுத்த, உங்க அண்ணன் என்னை வெட்டிப் போட்டுடுவாரு."

அவர் என்றால் கோதண்டபாணி. கண்டமங்கலத்துக்காரர், பாண்டிச்சேரியில் மில் வேலை. வைகாசியில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். தேவநாதன் திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். முதலில் எனக்கு நிச்சயமானது அவனோடுதான். நிச்சயத்துக்குப் பிறகு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து நிற்பான். எனக்கும் அவன் என்றால் உயிர். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனான். ராசியில்லாதவள் என்று எனக்குப் பேர் வந்துவிடுமாம், சாவுக்குக்கூட அனுப்பவில்லை. "தாலி ஏர்றதுக்கு முன்னாடி போனானே, அதுவரைக்கும் நல்லது" என்றான் என் அண்ணன். அந்த வாய் அழுகிப்போக என்று மனசாரச் சபித்தேன். கண்டமங்கலத்தாரிடம் இதை மூச்சு விடவில்லை.

கல்யாணச் சாமான் பார்க்கலாம் என்று கோதண்டபாணியையும் அண்ணிதான் வரச் சொல்லியிருந்தாள். மைதானம் முழுக்கக் கீற்றுக் கொட்டகை. மண்பொம்மை, பிரம்புக்கூடை, நடுநடுவே அடுப்பு மூட்டி அடை, கொழுக்கட்டை, வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை. மனுஷர் ஒவ்வொரு கடையிலும் நின்று, "இது உனக்குப் பிடிக்குமா?" என்று என்னைக் கேட்டுக்கேட்டு வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பாய்க்கடை வந்ததும் அவர்தான் முதலில் பார்த்தார்.

"செண்பகம், இங்க பாரு! உன் பேரு போட்டே ஒரு பாய் தொங்குது!"

மூங்கிலில் தொங்கிய கல்யாணப் பாய். ஒரு தலைப்பில் என் பேர். இன்னொரு தலைப்பில் தேவநாதன். சிவப்புக் கோரையில் முழம் நீளத்துக்கு எழுத்து. அண்ணி என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஆர்டர் பாய்ங்க. திண்டிவனத்துல ஒரு தம்பி சொல்லிச்சு" என்றார் பாய்க்கடைக்காரர். "சேப்புல போடு, பெருசா போடு, பொண்ணு பேரு முதல்ல வரணும்னு நின்னு சொல்லிட்டுப் போச்சு. அப்புறம் ஆளே வரல. சாம்பிளுக்கு மாட்டி வச்சிருக்கேன்."

பாய் சொல்லியிருந்ததை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. பாவி.

"அடுத்தவங்க பாய் நமக்கு எதுக்கு தம்பி? வேற பாக்கலாம் வாங்க" என்றாள் அண்ணி.

"இருங்கக்கா. பேரு தானா வந்து மாட்டிக்கினு இருக்குது. அந்த ஆள் பேரை மட்டும் எடுத்துட்டு என் பேரைப் போட முடியுமா?"

"கடைசியா நெய்ஞ்ச பக்கம்தானே, பிரிச்சிடலாம். முகூர்த்தத்துக்கு முன்னாடி உங்க பேரைப் போட்டுத் தர்றேன்."

சொன்னவர் பாயைக் கீழே இறக்கி, ஓர முடிச்சை அறுத்து, அங்கேயே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். 'ன்' போனது. 'த' போனது. வேண்டாம் என்று கத்த நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணியின் நகம் என் கையில் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் நின்று பார்த்தேன். அவன் முகத்தைத்தான் கடைசியாகப் பார்க்க விடவில்லை, அவன் பேர் போவதையாவது பார்த்துவிடுகிறேன் என்று பார்த்தேன்.

பக்கத்துக் கொட்டகையில் கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கோரையை இப்படித் தள்ளுங்க, அடுப்பு அணைஞ்சிக்கினே போவுது." பாய்க்கடைக்காரர் அள்ளிக் கொடுத்தார். அவள் அதை அடுப்பில் திணித்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது.

கோதண்டபாணி அவளிடமே அடை வாங்கி, இலையோடு என் கையில் வைத்தார். "சூடா இருக்குது, சாப்பிடு." ஒரு வாய் பிட்டுப் போட்டேன்.

அவர் தன் அடையை மென்றுகொண்டே பாதி பிரிந்த பாயைப் பார்த்தார். "அந்த ஆளுக்கு என்ன ஆச்சோ. கல்யாணம் நின்னுபோயிருக்கும் போல. பாவம் அந்தப் பொண்ணு, எவ்வளவு அழுதுச்சோ."

பாவம். தேவநாதன் செத்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையை எனக்காக யாருமே சொன்னதில்லை. பெற்றவள் சொல்லவில்லை, கூடப் பிறந்தவன் சொல்லவில்லை. சொன்ன முதல் ஆள் இவர்தான், அதுவும் யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"அழலிங்க" என்றேன். "அழ வுடல."

அண்ணியின் கை என்னை விட்டுவிட்டது. அவர் மெல்லுவதை நிறுத்தினார். பாயில் மிச்சமிருந்த என் பேரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை ஜனம் நடக்கிற மைதானத்தில், அடையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தேவநாதனுக்காக வாய்விட்டு அழுதேன்.