பஸ்ஸைத் தடுத்தவன்

என் கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு விழுந்து எட்டு மாதம் ஆகிறது. ஓரம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் புறநகரான மேப்பிள் ரிட்ஜில் கார் ஓட்ட முடியாதவன் பால்கூட வாங்க முடியாது. நடந்து போகலாம் என்றால் நடைபாதையே கிடையாது.

பால் கிடக்கட்டும். என் மனைவி லொரெய்னுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி பதினோரு மைல். சர்க்கரை வியாதியில் அவள் பாதங்கள் மரத்துவிட்டன. பிரேக் எது என்று கால் சொல்லாது. நோயாளிகளை ஏற்றிப்போன வேன் போன மாதத்தோடு நின்றது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கு இரண்டு முறை கொண்டுபோய் விட்டார்கள்; பிறகு அவரவருக்கு வேலை. வாடகைக் கார் வந்தால் உண்டு. ஒருநாள் தப்பினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. தொடர்ந்து தப்பினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்தை மலைபோல் நம்பியிருந்தேன். மூடிக்கிடக்கும் ஷாப்பிங் மாலை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள், ஒரு டயாலிசிஸ் மையம், பஸ் நிறுத்தம் எல்லாம் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். எதிர்வீட்டு ப்ரின் தன் காரில் என்னை அழைத்துப் போனாள். நானும் எதிர்த்துப் பேசத்தான் வருகிறேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் ஏற்றியிருப்பாளா?

முதலில் மைக்கைப் பிடித்தவள் அவள்தான். "பஸ் விட்டா யார் யாரோ வருவாங்க. நாங்க இங்க வீடு வாங்கினதே நிம்மதிக்காக" என்றாள். கைதட்டல். எனக்கு உடம்பு கூசியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே மைக்கில் இதையே சொன்னவன் நான். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, வரவிருந்த பஸ்ஸைத் தடுத்தவன்.

என் முறை வந்ததும் லொரெய்னைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் ஆனதும் உட்காரச் சொன்னார்கள். ஓட்டெடுப்பில் ஐந்துக்கு இரண்டு. தோற்றோம்.

திரும்பும்போதும் ப்ரின்தான் காரில் ஏற்றிக்கொண்டாள். வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"லொரெய்னை நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு, நார்பர்ட். ஆனா நீங்க அன்னிக்குச் செஞ்சதைத்தானே நாங்க இன்னிக்குச் செய்யறோம்."

மறுநாள் காலை கார்ச் சாவியை எடுத்தேன். லொரெய்ன் தடுக்கவில்லை.

"உன் காலு, என் கண்ணு. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு டிரைவர் தேறாதா, நார்ப்?" என்று சிரித்தாள்.

தேறியது. பாதை எனக்கு மனப்பாடம். சிவப்பு, பச்சை, கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கு என்று அவள் சொல்லச் சொல்ல ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது இருவருக்கும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வருவதை நான் யோசிக்கவே இல்லை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்தபின் அவள் துவண்டுபோவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை, மடையன்.

ஆறுவழிச் சாலையில், பக்கத்துக் கார்கள் நின்றதால் நானும் நின்றேன். "லொரெய்ன், என்ன கலர்?" என்றேன். பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது; மூச்சு சீராக வந்தது. எழுப்ப முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். திட்டுகிறார்கள் என்றால் பச்சை என்று புரிந்துகொண்டு காரை நகர்த்தினேன். அப்படியே இரண்டு சிக்னல் தாண்டினேன்.

மூன்றாவதில் பக்கத்திலும் யாரும் இல்லை, ஹாரன் அடிக்கப் பின்னாலும் யாரும் இல்லை.